கால் நீட்டினாலும் நீளாத இரவு

2020 பிப்ரவரி 8-ஆம் தேதி மாலை நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று, 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டை விட்டுவிட்டால், அந்தத் தடத்தில் அதற்கு முன் எந்தப் பயணிகள் விமானமும் அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்ததில்லை. சியாரா என்ற புயல் அட்லாண்டிக்கின் மேல்காற்றை முறுக்கேற்றியிருந்தது. தரையை வைத்து அளந்தால் விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 1,327 கி.மீ. அது பெரிய செய்தியாகி உலகெங்கும் ஓடியது. அந்த விமானத்தின் முன்பகுதியில், கால் நீட்டிப் படுப்பதற்கென்றே பல மடங்கு கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. மேலே ஏறுவதற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இறங்கும் ஏற்பாடுகளுக்கும் ஆன நேரம் போக, அவர்களுக்குத் தூக்கத்துக்கு எஞ்சியது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் இருக்கும்.

விடுமுறை முடிந்து இரவு விமானத்தில் வீடு திரும்பும் பயணத்தில், பணம் கொடுத்து வாங்கக்கூடியவை சில உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காதவை சில உண்டு. நியூயார்க்–லண்டன் தடத்தை எடுத்துக்கொண்டால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரியும். இருக்கை, இடம், அமைதி எல்லாம் முதல் வகை. இரவின் நீளம், மூச்சுக்காற்று, உடலுக்குள் ஓடும் கடிகாரம் இரண்டாம் வகை. நம்மைக் களைக்க வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

முதலில் காற்று. நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் 5,540 கி.மீ. லண்டனிலிருந்து நியூயார்க் போகும்போது ஏழரை, எட்டு மணி நேரம் எடுக்கும் அதே தூரம், லண்டனுக்குத் திரும்பும்போது ஆறு, ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் அதற்கு வேகமும் கூடும். ஆற்றோட்டத்தோடு போகும் பரிசலைப் போல விமானம் அதற்குள் மிதந்து செல்கிறது. மணிக்கு 1,327 கி.மீ. என்பது அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஆனாலும் விமானம் ஒலித்தடையை உடைக்கவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. மீதி 400 கி.மீ. அளவுக்குக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920-களில் தடேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, குளிர்கால வானில் அடித்த கடும் மேல்காற்றை அவர் பதிவு செய்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். பொதுமொழி என்று அவர் நம்பிய அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1944-இல் ஜப்பானுக்கு மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் மற்றவர்கள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். கனடாவின் கேண்டர் கட்டுப்பாட்டு மையம் ஒவ்வோர் இரவுக்கும் அன்றைய காற்றைப் பார்த்து, கிழக்கே போகும் விமானங்களுக்கான கடல்வழித் தடங்களைப் புதிதாக வரைந்து வெளியிடுகிறது. எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. பயணியின் தூக்க நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இரவைச் சுருக்குவது காற்று மட்டுமல்ல. 50 டிகிரி வடக்கு அட்சரேகையில், விடியலின் எல்லைக்கோடு மணிக்குச் சுமார் 1,070 கி.மீ. வேகத்தில் கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது. விமானமோ ஏறத்தாழ அதே வேகத்தில் அதை எதிர்கொண்டு ஓடுகிறது. இரண்டும் நேருக்கு நேர் வருவதால், பறக்கும் நேரத்தில் இரவு இரு மடங்கு வேகத்தில் கழிகிறது. அக்டோபர் தொடக்கத்தில் நியூயார்க்கில் மாலை ஆறரையைத் தாண்டியதும் சூரியன் மறையும். லண்டனில் காலை ஏழு மணியளவில் உதிக்கும். அந்த ஏழு மணி, நியூயார்க் கடிகாரத்தில் நள்ளிரவு கழிந்து இரண்டு மணி. ஊரில் இருந்திருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கும் இரவு, ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. எந்த வகுப்பு டிக்கெட்டும் இதில் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டித்தர முடியாது.

இனி, பணம் வாங்கித்தரும் பொருளைப் பார்ப்போம். உட்கார்ந்தபடி தூங்குவது ஏன் கடினம் என்பதற்கு உடலியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. நிமிர்ந்த நிலையில் இரத்தம் கால்களில் தேங்குகிறது. இரத்த அழுத்தம் விழாமல் பிடிக்க, விழிப்போடு தொடர்புள்ள நரம்பு மண்டலம் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கனவுத் தூக்கம் வரும்போது கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை சாய்கிறது, உடனே விழிப்புத் தட்டுகிறது. பிரிட்டனின் விமானப்படை மருத்துவ ஆய்வாளர்கள் நிக்கல்சனும் ஸ்டோனும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கைகளை வெவ்வேறு கோணங்களில் சாய்த்துத் தூக்கத்தை அளந்தார்கள். முதுகு செங்குத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் சாய்ந்தால், தூக்கம் கட்டிலில் தூங்குவதற்கு நெருங்கி வந்துவிடுகிறது. சாதாரண எகானமி இருக்கை அந்தக் கோணத்தின் அருகில்கூட வராது. 1992-இல் ஈவா ஏர், வர்ஜின் அட்லாண்டிக் போன்ற நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய பிரீமியம் எகானமி அகலத்தையும் கால் வைக்கும் இடத்தையும் கூட்டியது. பெரும்பாலும் அதுவும் அந்த அளவுக்குச் சாய்வதில்லை. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பில் முழுக்கத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டுவந்தது. அதோடு கோணப் பிரச்சினை தீர்ந்தது. இதை நான் ஆடம்பரம் என்று தள்ளிவிட மாட்டேன். முதுகுவலியோடு பறக்கும் வயதானவருக்கு அந்தச் சில டிகிரிகள் பெரிய நிவாரணம்.

ஆனால் படுக்கை இருந்தால் தூக்கம் வந்துவிடும் என்பதில்லை. மாலை ஏழு மணி விமானத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஓடுபாதை வரிசையில் காத்திருந்து, மேலே ஏறி, இருக்கைப் பட்டை விளக்கு அணையும்போது மணி எட்டு. பகலெல்லாம் மன்ஹாட்டனில் நடந்த களைப்பு இருக்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் தூக்கத்தை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். என்றாலும், வழக்கமாகப் பதினொன்றுக்குத் தூங்குகிறவரின் உடல் கடிகாரம் எட்டுக்கும் பத்துக்கும் இடையில்தான் விழிப்புச் செய்தியை மிக உரக்க ஒலிக்கிறது. இஸ்ரேலின் டெக்னியான் கழகத்தில் பெரெட்ஸ் லாவி இதை 1986-இல் காட்டினார். தன்னார்வலர்களை ஏழு நிமிடம் தூங்கவும் பதின்மூன்று நிமிடம் விழித்திருக்கவும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். முந்தைய இரவு முழுக்கத் தூங்காதவர்கள்கூட, வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில் தூங்கத் திணறினார்கள். தூக்கத்துக்கு அடைபட்ட நேரம் அது. மாலை விமானம் மெத்தையை விரித்துக் கொடுப்பது சரியாக அந்த நேரத்தில்.

அதற்கு மேல், புது இடம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகியும் யூகா சசாகியும் 2016-இல் கண்டது வியப்பானது: பழகாத இடத்தில் முதல் இரவு ஆழ்ந்து தூங்கும்போது மூளையின் இடப்பாதியில் ஒரு வலையமைப்பு முழுக்கத் தூங்குவதில்லை, சிறு ஓசைக்கும் அது கூடுதலாகச் செவி கொடுக்கிறது. ஆய்வகக் கட்டிலிலேயே அப்படியென்றால், பத்து கி.மீ. உயரத்தில் இரைந்துகொண்டிருக்கும் கேபினில் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

எட்டு மணிக்குச் சாப்பாடு தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். இறங்குவதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் விளக்கைப் போட்டுக் காலை உணவு வரும். இடையில் மிஞ்சுவது சுமார் மூன்று மணி நேரம், அதாவது தலா தொண்ணூறு நிமிடம் கொண்ட இரண்டு தூக்கச் சுற்றுகள். நல்லவேளையாக, ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில்தான் அதிகம். கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி விடிகாலைக்கென்று ஒதுக்கப்பட்டது, அதுதான் போய்விடுகிறது. இதனால் சில நிறுவனங்கள் நியூயார்க்கில் விமானம் ஏறும் முன்பே ஓய்வறையில் இரவு உணவைக் கொடுத்துவிடுகின்றன. பிரீமியம் பயணத்தில் உருப்படியான சலுகை எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன். மேலே கிடைக்கும் உணவைவிடக் கீழே கிடைக்கும் உணவு ருசியாகவும் இருக்கும்.

அது வெறும் மனப்பிரமை அல்ல. ஜெர்மனியின் ஹோல்ஸ்கிர்ஹனில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் ஓர் ஏர்பஸ் உடற்பகுதியையே அழுத்தம் குறைந்த அறைக்குள் வைத்து லுஃப்தான்சாவுக்காகச் சோதித்தது. உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மங்கித் தெரிந்தன. தக்காளிச் சாறு மட்டும் தரையில் இருந்ததைவிட மேலே நன்றாகப் பிடித்தது. இரைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. விமானத்தில் உள்ள அளவான 85 டெசிபல் இரைச்சல் இனிப்பை மங்கச் செய்து, தக்காளியிலும் காளானிலும் உள்ள உமாமி சுவையைத் தூக்கிக் காட்டுவதாகக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது.

கேபினின் காற்றழுத்தம் எந்த வகுப்புக்கும் ஒன்றுதான். விமானம் பறக்கும் உயரம் 11 கி.மீ. என்றாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் மலை உச்சியில் உள்ள அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. அந்த உச்ச வரம்பில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் நாலில் மூன்று பங்கு. வயிற்றிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய புதிய விமானங்கள் 1,800 மீட்டர் அளவில் வைத்திருக்கின்றன. ஆகவே இருக்கை வகுப்பைப் பார்ப்பதோடு எந்த விமானம் என்றும் பார்ப்பது நல்லது. ஈரப்பதம் இன்னொரு விஷயம். வெளியே மைனஸ் 55 டிகிரியில் இருக்கும் காற்றில் நீராவி அனேகமாக இல்லை. கேபினில் இருக்கும் ஈரம் பெரும்பாலும் பயணிகளின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருவது. நெருக்கியடித்து உட்காரும் எகானமியில் அது சற்றுக் கூடுதல். ஆட்கள் குறைவாகவும் இடம் அதிகமாகவும் உள்ள முன்பகுதியில் குறைவு. கூடுதல் கட்டணம் வாங்கும் இடத்தில்தான் தொண்டை அதிகம் வறள்கிறது. தண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில் மதுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏறி உட்கார்ந்ததும் ஷாம்பெயின் தருவது பிரீமியம் வகுப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தூக்கம் வரட்டும் என்று அதை வாங்கிக் குடிப்பவர்கள் ஏராளம். கொலோனில் உள்ள ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் தோராக்ஸ் இதழில் வெளியிட்ட முடிவுகளை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். 18 முதல் 40 வயது வரையிலான, நோயற்ற 48 பேர். தரைமட்ட அழுத்தத்தில் மது இல்லாமல் தூங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் நிறைவு 96 சதவீதத்தை ஒட்டியும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64-ஐ ஒட்டியும் இருந்தன. கேபின் அழுத்தத்தில் மது இல்லாமல் 88 சதவீதம், 73 துடிப்பு. கேபின் அழுத்தத்தோடு இரண்டு கோப்பை வைன் அளவு மதுவும் சேர்ந்தபோது 85 சதவீதம், 88 துடிப்பு. இளவயது ஆரோக்கிய உடலே தூக்கத்தில் இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்றால், இதயநோயோ நுரையீரல் நோயோ உள்ள ஒருவர் மது அருந்திவிட்டுப் படுப்பது ஆபத்து. தட்டையான படுக்கை அதை மாற்றிவிடாது. பணிவோடு நீட்டப்படும் கோப்பை என்பதால் மறுக்கக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

காலில் இரத்தம் உறைவதும் எகானமிக்கு மட்டும் உரியதல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்யும்போது அந்த ஆபத்து இரண்டு மடங்காகிறது என்றும், நலமான ஒருவருக்கு அது சுமார் 6,000-இல் ஒன்று என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. அசையாமல் இருப்பதே காரணம். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தால் பிசினஸ் வகுப்பிலும் நிகழும்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து உடலின் நாளை நடத்துகிறது. ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லர் குழு 1999-இல் அளந்தபடி, அதன் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். சற்றே நீண்ட நாளை விரும்பும் கடிகாரம் என்பதால், நாள் நீளும் மேற்குப் பயணம் அதற்கு எளிது. நாள் குறுகும் கிழக்குப் பயணம் கடினம். மேற்கே போனால் நாளுக்கு ஒன்றரை மணி, கிழக்கே போனால் ஒரு மணி என்ற அளவில் அது ஊர் நேரத்துக்கு நகர்கிறது. லண்டன்காரர் நியூயார்க்கில் இறங்கினால் மூன்று, நான்கு நாளில் பழகிவிடுவார். ஐந்து நாள் நகரச் சுற்றுலா என்றால், உடல் முழுக்க நியூயார்க்குக்கு மாறி முடித்த வேளையில்தான் திரும்பும் விமானம். அங்கிருந்து மீள ஐந்து நாள் ஆகும்.

கடிகாரத்தை நகர்த்தும் முதன்மைச் சக்தி ஒளி. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி அணுக்கள் வெளிச்சத்தின் செய்தியை நேரே அந்தக் கொத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் எந்தத் திசையில் தள்ளும் என்பது ஒளி விழும் நேரத்தைப் பொறுத்தது. உடலின் வெப்பநிலை ஒவ்வொரு நாளும் மிகக் குறையும் ஒரு புள்ளி உண்டு; பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழுபவருக்கு அது விடிகாலை நாலரையை ஒட்டி வரும். அதற்கு முன் விழும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்கு, மேற்கு நோக்கித் தள்ளும். அதற்குப் பின் விழும் ஒளி முன்னுக்கு, கிழக்கு நோக்கித் தள்ளும்.

நியூயார்க்குக்கு முழுக்க மாறிய உடலில் அந்த நாலரை, லண்டன் நேரத்தில் காலை ஒன்பதரை. மாலை விமானம் ஏழு மணிக்கு இறக்கிவிட்டு, எட்டு மணிக்கு நீங்கள் வெயிலில் நிற்கும்போது, அந்தக் காலை ஒளி உங்கள் கடிகாரத்தை அமெரிக்காவின் பக்கம் மேலும் தள்ளுகிறது. ஊர் வந்ததும் நல்ல வெயிலில் நடங்கள் என்ற பரவலான அறிவுரை இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது. பத்து மணி வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதன்பின் வெளியே போய்த் தாராளமாக வெளிச்சம் வாங்குவதே சரி. மேகமூட்டமான பகல்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் இரண்டே நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவருக்குக் கணக்கு மாறும். அவர் கடிகாரம் மூன்று மணி நேரம்தான் நகர்ந்திருக்கும். வெப்பநிலைத் தாழ்வு லண்டனின் ஏழரைக்கே வந்துவிடும். எட்டு மணி வெயில் அவரைச் சரியான திசையில் தள்ளும். ஒரே விமானத்திலிருந்து இறங்கி, ஒரே வாசலில், ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு பேரை ஒளி எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துகிறது. விடுமுறையின் நீளம்தான் வேறுபாடு. உடலியலில் இதைப் போல என்னை வசீகரித்த விஷயம் குறைவு.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எந்த இருக்கை என்பதைவிட எத்தனை மணி விமானம் என்பது முக்கியமாகிறது. இரவு பத்தரைக்குக் கிளம்பும் விமானத்தில், தூக்கத்துக்கு அடைபட்ட நேரம் தரையிலேயே கழிந்திருக்கும்; சாப்பாட்டையும் கீழேயே முடித்திருக்கலாம்; லண்டனில் இறங்கும்போது பத்தரை மணி ஒளி ஏற்கெனவே சரியான பக்கத்தில் இருக்கும். காலையில் நியூயார்க்கை விட்டு இரவு லண்டன் சேரும் பகல் விமானங்களும் சில உண்டு. ஒரு விடுமுறைப் பகல் போகும், ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சும். என் தேர்வு அதுதான். அதற்கு எகானமி இருக்கையே போதும். பகலில் பறப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. விமானம் விட்டுச்செல்லும் வெண்மேகக் கோடுகள் பகலில் சூரிய ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்; இரவில் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைப்பதை மட்டுமே செய்யும். தென்கிழக்கு இங்கிலாந்தின் வானத்தை வைத்து ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் கணக்கிட்டபோது, போக்குவரத்தில் கால்பங்கே உள்ள இரவு விமானங்கள் அந்தக் கோடுகளால் வரும் வெப்பமூட்டலில் 60 முதல் 80 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. இருக்கை எடுத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்து எரிபொருளைப் பங்கிடும் பிரிட்டன் அரசின் கணக்கில், நீண்டதூரப் பிசினஸ் இருக்கையின் கார்பன் சுமை எகானமியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. படுக்கை தேவைப்படாத பயணத்தில் அதை வாங்காமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

பகல் விமானத்தில் வந்தாலும் கடிகாரம் நியூயார்க்கில்தான் இருக்கும். முதல் இரவு தூக்கம் பின்னிரவு வரை வராமல் போகலாம். லண்டன் படுக்கை நேரத்தில் எடுக்கும் சிறிதளவு மெலடோனின், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்தவர்களுக்கு உதவுகிறது என்பதை 2002-இல் வந்த காக்ரேன் மீளாய்வில் பத்தில் ஒன்பது சோதனைகள் காட்டின. பிரிட்டனில் அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மறுநாள் காலையும் ஒளி விதி அதேதான்: முதல் நாள் ஒன்பதரைக்குப் பின், அடுத்த நாள் எட்டரைக்குப் பின், அதற்கடுத்த நாள் ஏழரைக்குப் பின் வெளிச்சத்துக்குப் போக வேண்டும்.